வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும்

அன்புச்செல்வி எழுதிக் கொடுத்த தாளில் கல்லூரி முதல்வர் வெங்கடபதி பாம்பை அடித்துவிட்டார். நிஜப் பாம்பை வாட்ச்மேன் முன்பே பிடித்துக்கொண்டு போய்த் தென்னந்தோப்பில் விட்டிருந்தார். முதல்வர் அடித்தது 'பாம்பு' என்ற சொல்லை, சிவப்பு மையில்.

"இன்று மதியம் பருவ இதழ்கள் அறைக்குள் ஒரு பாம்பு வந்துவிட்டது. பிடித்தாயிற்று. நாளை முதல் பயமில்லாமல் வரலாம்" என்று அவள் எழுதியிருந்தாள். திரும்பி வந்த தாளில், "பருவ இதழ்கள் அறை நாளை வழக்கம்போல் சிறப்புறச் செயல்படும் என்பது மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்று இருந்தது.

"ஐயா, பாம்புன்னு போடலைன்னா இந்த அறிவிப்பு எதுக்குன்னே புரியாதுங்களே. பசங்க அது இன்னும் உள்ளதான் இருக்குதுன்னு நெனச்சுட்டு அந்தப் பக்கமே வரமாட்டேங்கறாங்க."

"மேடம், இது இண்டர்நெட். உலகம் பூரா பாக்குது. நம்ம காலேஜ்ல பாம்பு இருக்குன்னு அமெரிக்காக்காரனுக்குச் சொல்லணுமா?"

"அமெரிக்காக்காரனுக்கு எழுதலீங்க ஐயா. நம்ம பசங்களுக்குத்தானுங்க."

"பசங்களுக்குன்னா நோட்டீஸ் போர்டு இருக்கு."

நோட்டீஸ் போர்டுக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் இருந்தன. சாவி தொலைந்துபோய் ரொம்ப நாளாயிற்று. உள்ளே பழைய விளையாட்டு விழா அழைப்பிதழ் ஒன்று மஞ்சள் பூத்துக் கிடந்தது. அதைச் சொன்னால் இன்னொரு பேச்சு நீளும் என்று தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சிச் சாலையில், நான்கு பக்கமும் தென்னை சூழ்ந்த இடத்தில் அந்தத் தனியார் கல்லூரி இருந்தது. நூற்பாலையும் தோப்புமாக இருந்த பாலுசாமி என்பவர் கட்டியது. அன்புச்செல்வி அங்கே நூலகர். மதுக்கரையிலிருந்து தினமும் உக்கடம் வந்து, அங்கே பொள்ளாச்சி பஸ் பிடித்து வருவாள்.

அந்தக் கோடையில் பெங்களூரில் நூலகர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கடைசி நாளில், பாடம் எடுத்தவர் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். எங்கோ ஒரு சின்ன ஊரின் நூலகர் தினமும் எழுதுகிற பக்கம். இன்றைக்கு என்ன புத்தகம் வந்தது, யார் வந்து என்ன கேட்டார்கள், தான் எதைத் தேடிக் கொடுத்தேன் என்று நாலைந்து வரி. இன்று எழுதியது மேலே, நேற்று எழுதியது அதற்குக் கீழே. 'வெப்லாக்' என்று இதற்குப் பெயர் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் டீ குடிக்க எழுந்து போனார்கள். அன்புச்செல்வியும், மேட்டுப்பாளையம் சாலையில் இன்னொரு கல்லூரி நூலகரான அப்துல் வஹீதும் மட்டும் அந்தப் பக்கத்தைக் கீழே கீழே என்று இறக்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரிய வித்தையெல்லாம் இல்லீங்களே மேடம்," என்றார் வஹீது. "நாம வாயில சொல்றதத்தான இந்தம்மா எழுதுது."

அதுதான் அவளையும் பிடித்துக்கொண்டது. அவள் கல்லூரியில் புத்தகங்கள் கண்ணாடி அலமாரிகளுக்குள் பூட்டிக் கிடந்தன. சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் எடுத்துத் தர வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத பிள்ளைகள் சீட்டில் எதை எழுதுவார்கள்? ஒருத்தன் கேட்டுத் தெரிந்துகொண்டது அடுத்தவனுக்குத் தெரியாது. ஒரே கேள்விக்கு ஒரே பதிலை அவள் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் அனுமதி கேட்டாள். வெங்கடபதி முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தாராளமா பண்ணுங்க. தினமும் தாள்ல எழுதிக் கொண்டாந்து காட்டிடுங்க. நான் கையெழுத்துப் போட்டப்புறம் ஏத்துங்க," என்றார்.

பிறகு தொடங்கியது பாடு. இண்டர்நெட் இணைப்பு இருந்தது கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே ஒரு இயந்திரத்துக்கு. உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். அந்த இணைப்பு, தாளாளர் பாலுசாமியின் அலுவலகத் தொலைபேசியோடு ஒரே லைனில் ஓடியது. தாளாளர் தேங்காய் வியாபாரியோடு பேச ரிசீவரை எடுத்தால் இங்கே அறுந்துவிடும். ஆடிக் காற்றில் கம்பி அறுந்தால் யாருக்குமே கிடையாது. தமிழில் எழுதினால் அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். இல்லாததில் கொக்கியும் கோடுமாக நிற்கும்.

சென்டரைப் பார்த்துக்கொண்ட மெஹராஜ், அவள் வயதுக்காரி, கொஞ்சம் முன்கோபி. "இங்க ஒரு ஃபைல் உள்ள வரணும்னாலும் என்னைக் கேக்காம வரக் கூடாதுங்க," என்று முதல் நாள் சீறினாள். இரண்டாம் வாரம் அன்புச்செல்வி எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல், மாணவர்கள் உட்காரும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் எழுத்துருவைப் போட்டுவைத்தாள். பக்கத்தின் நகலை ஒவ்வொரு நாளும் அவற்றில் ஏற்றியும் வைத்தாள்.

முதல்வர் அறைக் கம்ப்யூட்டரில் மட்டும் போட முடியவில்லை. வைரஸ் வந்துவிடும் என்று அவர் விடவில்லை. ஆகவே 'இன்று நூலகத்தில்' என்ற அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் படித்ததில்லை. தாளை மட்டும் படித்தார். திருத்தினார். 'வந்தது' என்பதை 'வருகை தந்துள்ளது' ஆக்கினார். ஊருக்குப் போயிருந்தால் தாள் மேஜையிலேயே கிடக்கும். பல்கலைக்கழகம் ஒரு தேர்வைத் தள்ளிவைத்த சேதியை அவள் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்தாகி வந்தபோது, தள்ளிவைத்த தேர்வும் நடந்து முடிந்திருந்தது.

"உடு செல்வி," என்றான் அவள் கணவன் பிரான்சிஸ். மின்வாரியத்தில் வேலை. "அந்தாளுக்கு வேண்டாம்னா உனக்கென்ன? நீ லைப்ரரியப் பாத்துட்டு வா."

"இதுவும் லைப்ரரி வேலைதானுங்க."

"சரி, அப்ப பண்ணு."

"பண்ண உட்டாத்தானுங்களே!" என்று அவள் சட்டியை டங்கென்று வைத்தாள்.

ஆனாலும் பிள்ளைகள் படித்தார்கள். பாடம் இல்லாத நேரத்தில் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு நூலகத்துக்கு வந்து, "மேடம், நேத்து எழுதியிருந்தீங்களே, அந்தப் புஸ்தகம்" என்று கேட்டார்கள். சீட்டில் புத்தகத்தின் பெயருக்குப் பதிலாகக் கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள். அவள் தேடி எடுத்து, பதிலைப் பக்கத்தில் போட்டாள். முதல்வரின் சிவப்பு மையைத் தாண்டி மிஞ்சியதைப் போட்டாள் என்று சொல்வதுதான் சரி.

அடிக்கடி வந்தவர்களில் ஒருத்தி இனியா. வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்து, விடுதியில் தங்கி நுண்ணுயிரியல் கடைசி வருடம் படித்தாள். பாடத்துக்கு அடிப்படையான புத்தகம் ஒன்று கல்லூரியில் ஒரே பிரதிதான். அதைத் துறைத் தலைவர் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருப்பவே இல்லை.

"மேடம், அது வந்துருச்சுங்களா?" என்று இனியா வாரம் தவறாமல் கேட்பாள்.

"வரலீங்க கண்ணு." பதில் சொல்லிச் சொல்லி அன்புச்செல்விக்கு நாக்கே கூசியது. இதைப் பக்கத்துக்காக எழுதிக் கொடுத்தாள். முதல்வர் அந்த முழுத் தாளையும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் புதுப் பாடப்பிரிவுக்கு அனுமதி தருவதற்காகப் பல்கலைக்கழகக் குழு வியாழக்கிழமை வருகிறது என்று சேதி வந்தது. கல்லூரியே பரபரத்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். திங்கள் காலை நூலக வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கினால் உள்ளே முழுக்கப் புத்தகங்கள்.

அன்புச்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கேட்டுக் கேட்டுச் சலித்த புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்பக்கத்தில் ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயரில் வேறொரு கல்லூரியின் முத்திரை. இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் அதே.

வெங்கடபதி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "மேடம், இதெல்லாம் அலமாரில அடுக்கிடுங்க. அந்த முத்திரை மேல நம்ம காலேஜ் சீட்டை ஒட்டிடுங்க."

"யாருதுங்க ஐயா இதெல்லாம்?"

"நமக்கு வேண்டியவங்களுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போயிடும். எல்லா இடத்துலயும் நடக்கறதுதான், நீங்க ஒண்ணும் கண்டுக்காதீங்க."

"பசை போட்டு ஒட்டினா எடுக்கறப்ப தாள் கிழிஞ்சுபோகுமுங்க."

அவர் யோசித்தார். அவருக்கு அதுதான் கவலையாக இருந்தது. "அப்ப சும்மா சொருகி வைங்க. ஃபேன் போடாதீங்க."

அவளுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பொய் என்று கத்தலாம். கத்தி, வேலையை விட்டு, மதுக்கரை போய்ச் சேரலாம். அவள் அலமாரியைத் திறந்து அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கும்போது கைக்கு அந்தப் புத்தகம் அகப்பட்டது. இனியா கேட்டுக்கொண்டே இருந்த புத்தகம், ஒன்றுக்கு மூன்று பிரதி.

மதியம் முதல்வர் ஆள் அனுப்பினார். 'நூலகத்துக்கு ஏராளமான புதிய நூல்கள் வந்துள்ளன' என்று பக்கத்தில் போட வேண்டும், குழுவுக்குக் காட்டலாம் என்றார். இதுவரை இல்லாத அக்கறை. அவள் தாளை எடுத்து உட்கார்ந்தாள். என்னென்ன பாடங்களுக்கு என்னென்ன வந்திருக்கிறது என்று எழுதினாள். தாவரவியல் புத்தகம் ஒன்றின் ஓரமெல்லாம் யாரோ பச்சை மையில் ஆசிரியரோடு சண்டை போட்டிருப்பதையும், அந்தச் சண்டையே படிக்க நன்றாக இருப்பதையும் எழுதினாள். கடைசியில் பேனா நின்றது.

அடுத்த திங்கள்கிழமை ஒரு பிள்ளை இதைப் படித்துவிட்டு வந்து புத்தகம் கேட்கும். அலமாரி காலியாக இருக்கும். அப்போது அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இதை நினைத்துத்தான் அவள் அந்த வரியை எழுதினாள்: "இந்தப் புத்தகங்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கே இருக்கும். வேண்டியவர்கள் அதற்குள் வந்து படித்துக்கொள்ளவும்."

தாளைக் கொண்டுபோனாள். முதல்வர் அறையில் பெயிண்டர் ஒரு பக்கம், சமையல்காரர் ஒரு பக்கம். குழுவுக்கு இளநீர் வெட்டியே கொடுப்பதா, டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெங்கடபதி தாளை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"ஐயா, படிச்சுப் பாத்துருங்க."

"உங்க மேல நம்பிக்கை இருக்கு மேடம்."

நம்பிக்கை வைக்க இந்த மனுஷனுக்கு இன்றைக்குத்தானா கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு அவள் சென்டருக்குப் போனாள். மெஹராஜ் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இது கையெழுத்து ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுங்க."

"படிச்சாருங்களா?"

"படிக்கச் சொன்னேனுங்க."

மெஹராஜ் உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தை ஏற்றினாள்.

செவ்வாய்க்கிழமை நூலகம் திறக்கும் முன்பே வாசலில் ஆள் நின்றது. அப்படி ஒரு கூட்டத்தை அந்த நூலகம் கண்டதில்லை. சீட்டு எழுதி வாங்கி எடுத்துக் கொடுக்கக் கை போதவில்லை. சீட்டு வேண்டாம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் அலமாரிகளைத் திறந்துவிட்டாள். நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரன் இயந்திரம் சூடாகிவிட்டது என்று கைவிரித்தான். இனியா ஜன்னலோரம் உட்கார்ந்து, சாப்பிடக்கூட எழாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அப்துல் வஹீதிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவரும் தன் கல்லூரிக்கு ஒரு பக்கம் எழுதிவந்தார். அவளுக்குத் தெரிந்து இவளுடைய பக்கத்தைத் தவறாமல் படிக்கிற ஒரே வெளியூர் வாசகர் அவர்தான். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பியிருந்தார். அந்தப் பச்சை மை தங்கள் கல்லூரியில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியருடையது என்றும், அந்தப் புத்தகம் உங்களிடம் எப்படி வந்தது என்றும் கேட்டிருந்தார்.

அவள் ரோட்டோர எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவரைக் கூப்பிட்டாள்.

"கரையான் மருந்து அடிக்கறதுக்குன்னு கொண்டு போனாங்க மேடம்," என்றார் வஹீது. "நானே கூட நின்னு லாரில ஏத்திவிட்டேன். பாத்துப் போங்க, மழை வந்தா தார்ப்பாய் போட்டுக்கங்கன்னு வேற சொல்லிவிட்டேன். மருந்தடிக்கவா கிணத்துக்கடவு வரைக்கும் போனாங்க?"

"இங்க கமிட்டி வருதுங்க."

வஹீது மெதுவாகக் கேட்டார். "மேடம், போன வருஷம் எங்களுக்குக் கமிட்டி வந்தப்ப கொஞ்சம் புது புஸ்தகம் வந்துச்சுங்க. பிரிச்சுப் பாக்கறதுக்குள்ள காணோம். வணிகவியல் புஸ்தகங்க, நெறைய. உங்களுது ஏதாவது வெளிய போச்சுங்களா?"

போயிருந்தது. போன வருடம் பைண்டிங்குக்கு என்று ஒரு வேன் நிறைய எடுத்துப் போனார்கள். பைண்டிங் ஆகாமலே திரும்பி வந்தது. பைண்டரைத் திட்டி அவள் கடுதாசிகூட எழுதியிருந்தாள். பாவம், அந்த மனுஷன் பதிலே போடவில்லை. அவருக்கு என்ன புரிந்திருக்கும்?

"எங்குளுதுதானுங்க," என்றாள். ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் வஹீதும் சிரித்தார். பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றுபோனது.

வியாழக்கிழமை குழு வந்தது. முதல்வர் முன்னால் ஓடி வந்து நூலகத்துக்குள் எட்டிப் பார்த்துத் திகைத்துப்போனார். மேஜையெல்லாம் பிள்ளைகள், கையெல்லாம் புத்தகங்கள், அலமாரி பாதி காலி.

"என்ன மேடம் இது! வாங்கி அடுக்குங்க, சீக்கிரம்! அலமாரி நெறஞ்சு இருக்கணும்!"

"படிச்சுட்டு இருக்காங்க ஐயா."

"படிக்கறதுக்கு இதுவா நேரம்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அதற்குள் குழு உள்ளே வந்துவிட்டது. மூன்று பேர். தலைவர் நரைத்த மீசைக்காரர், எங்கோ ஒரு கல்லூரியில் முதல்வராக இருந்தவர்.

"பரவாயில்லையே, இவ்வளவு கூட்டமா!" என்று அவர் இனியாவிடம் போய் நின்றார். "தினமும் இப்படித்தானாம்மா?"

"இல்லீங்க சார். செவ்வாய்க்கிழமையிலிருந்துதானுங்க. மேடம் இண்டர்நெட் பக்கத்துல எழுதியிருந்தாங்க, புஸ்தகம் வந்திருக்குன்னு."

"இண்டர்நெட்லயா? லைப்ரரியிலிருந்தா?" தலைவர் அன்புச்செல்வியைத் திரும்பிப் பார்த்தார். "அதைப் பாக்கலாமா?"

பார்க்க முடியவில்லை. காற்றில் எங்கோ கம்பி அறுந்து கிடந்தது. அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். "இதெல்லாம் இந்த வருஷம் வாங்கினதா?"

"இந்த வாரம் வந்ததுங்க ஐயா," என்றாள் அன்புச்செல்வி.

அவர் புத்தகத்தைப் பிரித்தார். ஜன்னல் வழியாக ஆடிக் காற்று அடித்தது. சொருகி வைத்த சீட்டு பறந்து தரையில் விழுந்தது. பக்கத்தில் மற்றக் கல்லூரியின் முத்திரை நீலமாக, தெளிவாக இருந்தது. வெங்கடபதியின் முகம் வெளுத்துவிட்டது. கேட்டுவிட்டால் சொல்லிவிடுவது என்று அன்புச்செல்வி முடிவு செய்திருந்தாள். கேட்கட்டும், கேட்டுத் தொலையட்டும்.

தலைவர் குனிந்து சீட்டை எடுத்தார். அதைத் திரும்ப இருந்த இடத்திலேயே சொருகினார். புத்தகத்தை அலமாரியில் வைத்தார்.

"காத்து ஜாஸ்தியா இருக்கு. ஜன்னலைச் சாத்துங்க," என்றார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பயந்தது, தூக்கம் கெட்டது, எல்லாம் வீண். ஏமாற்றுகிறவர்களுக்கும் தெரியும், ஏமாறுகிறவர்களுக்கும் தெரியும். போதாததற்கு, புத்தகத்தைப் பிள்ளைகள் உண்மையாகவே எடுத்துப் படித்ததால் அந்தப் பொய் இன்னும் அழகாக நின்றுவிட்டது. மாலையில் குழு எழுதி வைத்துப் போன குறிப்பில், நூலகப் பயன்பாடு பாராட்டத்தக்கது, தினசரி இண்டர்நெட் பக்கம் பிற கல்லூரிகளுக்கு முன்மாதிரி என்று இருந்ததாம். மெஹராஜ் வந்து சொன்னபோது அன்புச்செல்விக்கு அலமாரியை எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

வெள்ளி காலை தாளாளர் கூப்பிட்டனுப்பினார். பாலுசாமி வெள்ளை வேட்டி சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே வெங்கடபதி நாற்காலியின் நுனியில்.

"வாங்க அம்மணி, உக்காருங்க," என்றார் பாலுசாமி. அவர் கோபத்திலும் 'ங்க' போடுகிறவர். "என்ற பையன் தீபக் அமெரிக்காவுல படிக்கறானுங்க. ராத்திரி ஊட்டுக்குப் போன் போட்டான். நம்ம காலேஜ் பக்கத்த, அந்த எழுத்துருவ எறக்கிப்போட்டு, சினேகிதக்காரங்களுக்கெல்லாம் காட்டியிருக்கறான். அதுல ஒருத்தன், 'வெள்ளிக்கிழமைக்கு மேல புஸ்தகமெல்லாம் எங்கடா போகுது'ன்னு கேட்டானாம். நான் அவனுக்கு என்னன்னு சொல்றதுங்க?"

"எனக்குத் தெரியாம நடந்துபோச்சு சார்," என்றார் வெங்கடபதி.

பாலுசாமி மேஜை மேலிருந்த தாளை நகர்த்தினார். "இந்தக் கையெழுத்து உங்குளுதுதானுங்களே?"

முதல்வர் தாளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அந்த வரிய எடுத்துப்போடுங்க அம்மணி," என்றார் பாலுசாமி. "பக்கம் இருந்துட்டுப் போகட்டும். கமிட்டிக்காரங்க நல்லாருக்குதுன்னு எழுதிப்போட்டாங்க, இனி மூடவும் முடியாது."

"எடுத்தாலும் ஒண்ணுதானுங்க, எடுக்காட்டியும் ஒண்ணுதானுங்க. இன்னிக்கு லாரி வந்துரும். திங்கக்கிழமை பசங்க வந்து வெறும் அலமாரியப் பாத்துட்டுக் கேட்டா, பக்கத்துல என்னன்னு எழுதறதுங்க?"

"ஏதோ ஒண்ணு எழுதுங்க."

"எனக்கு ஏதோ ஒண்ணு எழுத வரலீங்க. பசங்க இந்த நாலு நாள்ல எத எடுத்து எடுத்துப் படிச்சாங்களோ, அத வாங்கிக் குடுங்க. வந்துருச்சுன்னு நானே எழுதறேனுங்க. உங்க பையனும் படிப்பாருங்க."

பாலுசாமி அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். "உங்கப்பன் ராசப்பன் எங்க மாமன் தோட்டத்துல இருந்தவருதானுங்களே? அவரு எதுத்து ஒரு வார்த்த பேசமாட்டாரு."

"பேசியிருப்பாருங்க. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வெங்கடபதி கண்ணை மூடிக்கொண்டார். பாலுசாமி தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டார், யாரையும் கூப்பிடவில்லை.

"என்னென்ன புஸ்தகம் வேணும்னு எழுதிக் குடுங்க," என்றார் கடைசியில். "பாக்கலாம். ஐயா, நீங்க இனிப் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

வராந்தாவில் முதல்வர் அவளைத் துரத்திக்கொண்டு வந்தார். "மேடம், இனி எங்கிட்ட எந்தத் தாளும் கொண்டு வராதீங்க. நீங்களே எழுதுங்க, நீங்களே ஏத்துங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

எத்தனை தடவை இதைக் கெஞ்சியிருப்பாள்! அப்போது கிடைக்காதது இப்போது திட்டு வாங்கிக்கொண்டு கிடைத்தது. "சரிங்க ஐயா," என்றாள்.

மாலையில் லாரியோடு அப்துல் வஹீதே வந்துவிட்டார். தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்து அடுக்கினார். யாரையும் திட்டவில்லை. இனியா ஜன்னலோரம் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்க அவர் போனார். பாதிதான் முடிந்திருக்கிறது என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்.

"மேடம், ஒரு கல்லூரிலேருந்து இன்னொரு கல்லூரிக்கு முறையா இரவல் தர்றதுன்னு ஒண்ணு பாடத்துல படிச்சோமே, ஞாபகம் இருக்குங்களா? ஒரு தாள் குடுங்க. அந்தப் பொண்ணு பேருக்கு எழுதி நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பரீட்சை முடிஞ்சு வரட்டும்."

"உங்க முதல்வர் கேப்பாருங்களே?"

"கரையான் அரிச்சுருச்சுன்னு சொல்லிக்கறேன்," என்றார் வஹீது.

லாரி போன பிறகு நூலகம் பெரிதாகத் தெரிந்தது. அன்புச்செல்வி சென்டருக்குப் போய், வரியை எடுத்துவிட்டு, "புத்தகங்கள் இன்று மாலை திரும்பிப் போய்விட்டன. சிலவற்றை வாங்கக் கேட்டிருக்கிறோம். வந்ததும் எழுதுகிறேன்" என்று போட்டாள். யாரும் திருத்தவில்லை. ஆனால் ஏற்றும்போது தாளாளர் ரிசீவரை எடுத்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து.

கேட்ட புத்தகங்கள் தீபாவளி கழிந்துதான் வந்தன. பாதிக்குப் பாதி. சிலது பழைய பதிப்பு. யாருமே கேட்காத தட்டெழுத்துக் கையேடு ஒன்றுக்கு மூன்றாக வந்திருந்தது. நுண்ணுயிரியல் புத்தகம் மட்டும் சரியாக, புதிதாக இரண்டு வந்தது. துறைத் தலைவர் ஒன்றை எடுத்துப்போக வந்தார். இங்கேயே உட்கார்ந்து படியுங்கள் என்று அன்புச்செல்வி நாற்காலியைக் காட்டினாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். இது எல்லாவற்றையும் அவள் அன்றன்றைக்கே எழுதினாள், தட்டெழுத்துக் கையேடு உட்பட. இனியா வஹீதின் புத்தகத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, தானே மேட்டுப்பாளையம் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் நூலகத்துக்கு, அலுவலகத்திலிருந்து இணைத்துக் கொடுத்து, ஒரு போன் வந்தது. பேசியவர் கந்தப்பன், திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூலகர். வஹீது எண் கொடுத்தாராம்.

"ஏனுங்க மேடம், எங்க பௌதிகப் புஸ்தகமெல்லாம் பெயிண்ட் அடிக்கறோம்னு எடுத்துட்டுப் போனாங்க. மாசமாச்சுங்க, வரலீங்க. உங்க பக்கத்துல ஏதாவது கண்ணுக்குத் தட்டுப்பட்டுச்சுங்களா?"

"இங்க வரலீங்க. கேட்டுப் பாக்கறேன்." அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களும் ஒரு பக்கம் ஆரம்பிங்களேன். இன்னிக்கு என்ன வெளிய போச்சு, என்ன உள்ள வந்துச்சுன்னு எழுதுங்க. எல்லாரும் எழுதினா இப்படித் தேட வேண்டியதில்லீங்களே!"

"எனக்குக் கம்ப்யூட்டரத் தொட்டுப் பழக்கமில்லீங்களே."

"எனக்கும் இல்லாமத்தானுங்க இருந்துச்சு."

"எழுதலாமுங்க. எங்க பிரின்சிபால் ஒத்துக்கோணுமே. அவரு எதுன்னாலும் தாள்ல எழுதிக் கொண்டாம்பாரு."

அன்புச்செல்வி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை வெறித்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சரிங்க, பேனா எடுத்துக்கங்க. மொதல்ல எழுத்துரு. அத யாரு போடுவாங்கன்னு சொல்றேன், கேட்டுக்கங்க."